கடல் தாண்டியும் பண்ணையாளா?

"மஸ்ரா வேலை அண்ணே! மரம் பார்க்கணும், செடிக்குத் தண்ணி பாய்ச்சணும். நம்ம ஆளுக்குத் தெரிஞ்ச வேலைதான். தங்க இடம் இனாம், சாப்பாடு இனாம். சம்பளம் அப்படியே மிச்சம்!"

பழைய தஞ்சை ஜில்லாவின் டீக்கடைகளில் ஏஜண்டுகள் இப்படித்தான் பேசுகிறார்கள். மன்னார்குடியிலும் முத்துப்பேட்டையிலும் பட்டுக்கோட்டையிலும் வேதாரண்யத்திலும் கேட்கிற பேச்சு இது. மஸ்ரா என்றால் அரபு மொழியில் பண்ணை. ஊரைவிட்டு வெகு தொலைவில், பாலைவனத்தின் நடுவே, வேலி போட்டு, பேரீச்ச மரங்களும் நிழல் மரங்களும் பூச்செடிகளும் வைத்து வளர்க்கும் செல்வந்தர்களின் தோட்டம் அது. குவைத்தில் வஃப்ரா, அப்தலி என்ற எல்லைப் பகுதிகளில் இந்தப் பண்ணைகள் ஏராளம். சவூதியிலும் கத்தாரிலும் உண்டு. இரவும் பகலும் அங்கேயே தங்கி மரத்தையும் தோட்டத்தையும் காப்பாற்ற ஆள் வேண்டும். அந்த ஆள் நமது சேரியிலிருந்தும் தெருவிலிருந்தும் போகிறான்.

ஏஜண்ட் வந்து பேசும்போது, வீட்டார் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "சம்பளம் எவ்வளவு?" கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. அதை யாரும் கேட்பதில்லை. "தங்க இடம் இனாம்" என்கிறானே, அந்த இனாம் என்ன இனாம்? அந்த இடத்தின் வாசல் சாவி யார் கையில் இருக்கும்?

இதைக் கேட்க உரிமையும் அனுபவமும் உள்ளவர்கள் உலகத்தில் யாராவது உண்டென்றால், அது தஞ்சைத் தரணியின் விவசாயத் தொழிலாளிகள்தான். ஏனென்றால் இந்த இனாமை அவர்களுடைய பாட்டனும் முப்பாட்டனும் அனுபவித்துப் பார்த்திருக்கிறார்கள்.

நமக்குத் தெரிந்த இனாம்

பண்ணையாள் முறை எப்படி இருந்தது? குடிசை போட இடம் மிராசுதார் கொடுத்தது. வயிற்றுக்கு நெல் மிராசுதாரின் களத்தில் அளந்தது. பட்டக்கால் என்று ஒரு துண்டு நிலத்தையும் காட்டி, "உனக்கென்ன குறை?" என்றார்கள். வீடு இனாம், நிலம் இனாம், படி நெல்லும் இனாம் என்று பேச்சு! ஆனால் அந்த வீட்டில் குடியிருந்தவன் விடியுமுன் பண்ணைக்குப் போக வேண்டும். அவன் மனைவி தொழுவத்துக்குப் போக வேண்டும். பிள்ளை மாடு மேய்க்கப் போக வேண்டும். கூலி குறைந்தது என்று வாய் திறந்தால் சாணிப்பால், சவுக்கடி. இரண்டாம் முறை வாய் திறந்தால் குடிசையைப் பிரித்து எறிவார்கள்.

ஆகவே அந்தக் குடிசை கூலியின் ஒரு பகுதி அல்ல, கூலிக்காரனின் வாயில் போட்ட பூட்டு!

இந்தப் பூட்டை உடைக்க எத்தனை காலம் ஆயிற்று? 1943-ல் தென்பரையில் செங்கொடி ஏறிற்று. தோழர் பி. சீனிவாசராவ் ஊர் ஊராக நடந்தார். "அடித்தால் திருப்பி அடி" என்ற துணிவை மக்களுக்கு ஊட்டினார். 1944-ல் மன்னார்குடி ஒப்பந்தத்தில் சாணிப்பாலுக்கும் சவுக்கடிக்கும் முடிவு கட்டப்பட்டது. 1948-ல் மாயவரம் ஒப்பந்தம் வந்தது. 1952-ல் சாகுபடிதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதற்குப் பிறகும் மிராசுதார்கள் விட்டுவிடவில்லை. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 உயிர்களை ஒரே குடிசைக்குள் கருக்கினார்கள். கூலி உயர்வும் சங்கமுமே அந்த மக்கள் செய்த குற்றம்.

1971-ல்தான் குடியிருப்பு மனைகளைக் குடியிருப்பவருக்கே சொந்தமாக்கும் சட்டம் வந்தது. குடிசை நின்ற மண் தன் பெயருக்கு வந்த பிறகு, கூலி பேசும்போது தொழிலாளியின் குரல் மாறிற்று. இரவில் வந்து குடிசையைப் பிரிக்க முடியாது என்று தெரிந்தவன் நிமிர்ந்து நின்று பேசினான். கூலிப் போராட்டமும் குடிமனைப் போராட்டமும் இரண்டு போராட்டங்கள் அல்ல, ஒன்றே என்பதை நாம் அன்று கற்றுக்கொண்டோம்.

அப்படிப் பாடம் படித்த மண்ணிலிருந்து இன்று இளைஞர்கள் "தங்க இடம் இனாம்" என்ற சொல்லை நம்பிக் கப்பலுக்குப் பதில் விமானம் ஏறுகிறார்கள்!

நாகப்பட்டினத்திலிருந்து போனவர்கள்

இது முதல் பயணமும் அல்ல. நூறு ஆண்டுகளுக்கு முன் நாகப்பட்டினத்து டிப்போவில் நமது மக்களை அடைத்து வைத்து, மலேயாவின் ரப்பர் தோட்டங்களுக்குக் கப்பலேற்றினார்கள். அன்றைய ஏஜண்டுக்குக் கங்காணி என்று பெயர். அவனும் இதே பேச்சைத்தான் பேசினான்: "லயத்தில் வீடு இனாம்; ஆஸ்பத்திரி இனாம்; மரத்தில் பணம் காய்க்கிறது!" அழைத்துப்போன ஆள் ஒவ்வொருவரும் வேலைக்குப் போகும் நாளெல்லாம் அவனுக்குத் தலைக்காசு கிடைத்தது. ஆள் நின்றால் அவன் காசு நிற்கும். ஆகவே ஆளை நிற்கவிடாமல் விரட்டுவதே அவன் தொழில்.

லயமும் தோட்டத்துக்குள், கடையும் தோட்டத்துக்குள், கள்ளுக்கடையும் தோட்டத்துக்குள். தோட்டத்துத் துரை வழியில் வந்தால் தொழிலாளி சைக்கிளைவிட்டு இறங்கி நிற்க வேண்டும்! 1941-ல் கிள்ளான் வட்டாரத்துத் தொழிலாளிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களுடைய கோரிக்கைப் பட்டியலில் கூலி உயர்வு இருந்தது. அதனுடன், துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கமாட்டோம் என்பதும் இருந்தது. கள்ளுக்கடையை மூடு, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் கொடு என்பனவும் இருந்தன. பிரிட்டிஷ் ஏகாதிபத்தியம் துப்பாக்கியால் பதில் சொன்னது. தொழிலாளிகள் செத்தார்கள். தலைவர் ஆர்.எச். நாதன் நாடு கடத்தப்பட்டார்.

பட்டுக்கோட்டைச் சீமைத் தம்பிக்கோட்டையில் பிறந்த தோழர் எஸ்.ஏ. கணபதி அகில மலேயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவரானார். 1949 மே 4 அன்று கோலாலம்பூர் புடு சிறையில் அவரைத் தூக்கிலிட்டார்கள். மலேயாவில் தொழிலாளியோடு நின்று, ஊர் திரும்பி இங்கே விவசாயிகளோடு நின்ற வாட்டாக்குடி இரணியனைப் போலீசார் 1950-ல் சுட்டுக் கொன்றார்கள்.

இவர்களை ஏன் நினைவுபடுத்துகிறோம்? கண்ணீர் விடுவதற்காக அல்ல. தோட்டத்திலும் பண்ணையிலும் தங்கி வேலை செய்தவர்கள் லயத்தில் பத்துக் குடும்பமாய், நூறு குடும்பமாய் இருந்தார்கள். அதனால்தான் சங்கம் வைத்தார்கள். இன்று மஸ்ராவுக்குப் போகிறவனின் கதி அதைவிடத் தனிமையானது. லயத்தில் நூறு பேர் இருந்தார்கள். மஸ்ராவில் ஒருவன், மிஞ்சினால் இருவர், மூவர். ஒருவன் வங்காளதேசத்தான், இன்னொருவன் நேபாளத்தான். பேச்சுக்கூடப் புரியாது.

வேலிக்குள் ஒரு நாள்

திரும்பி வந்தவர்களைக் கேளுங்கள். வேலை சுலபம் என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். பேரீச்சையில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. காற்றை நம்பினால் காய் பிடிக்காது. பாளை வெடிக்கும் மாசி, பங்குனியில் மரமேறி, ஆண் பாளையை வெட்டி எடுத்து, பெண் பாளைக்குள் வைத்துக் கட்ட வேண்டும். மட்டையடியில் ஊசி போன்ற முள். அதை முதலில் கழிக்க வேண்டும். காய் பெருத்தால் குலைக்குத் தாங்கு கொடுத்துக் கட்ட வேண்டும். ஆடியிலும் ஆவணியிலும், அனல் காற்றில், குலை இறக்க வேண்டும். இத்துடன் சொட்டு நீர்க் குழாயில் உப்பு அடைத்துக்கொண்டதா என்று பார்க்க வேண்டும். மணல் மூடிய வேலியைத் தோண்ட வேண்டும். ஆட்டுக்குத் தீவனம், கோழிக்குத் தண்ணீர். வெள்ளிக்கிழமை முதலாளி குடும்பம் விருந்துக்கு வந்தால் பாய் விரித்து, பாத்திரம் கழுவ வேண்டும்.

தென்னையும் பனையும் ஏறிப் பழகிய கைக்கு இது வரும். அதனால்தான் நம் ஆளைத் தேடுகிறார்கள். இது வெறும் கூலி வேலை அல்ல, தேர்ந்த தொழிலாளியின் வேலை! ஆனால் விசாவில் அவனுக்கு எழுதியிருக்கும் பெயர் என்ன? பல பேருக்கு "ஆமில் மன்ஸிலி" என்று இருக்கிறது. அப்படியென்றால் வீட்டு வேலையாள். சிலருக்கு "முஸாரி" என்று இருக்கிறது; பண்ணை உழவன் என்று பொருள். சிலருக்கு "ராயி", ஆடு, ஒட்டகம் மேய்ப்பவன். தமிழும் இங்கிலீஷும் படிக்கத் தெரிந்தவனுக்கும் அந்த அரபு எழுத்து தெரியாது. அங்கே போய் இறங்கின பிறகுதான் தோட்டக்காரனாக வந்தோமா, மேய்ப்பனாக வந்தோமா என்று புரிகிறது.

திருவாரூர் மாவட்டம் மறக்கக்கூடாத ஒன்றைச் சொல்கிறோம். 2022 செப்டம்பரில் இந்த மாவட்டத்திலிருந்து குவைத்துக்குப் போன ஒரு தொழிலாளி, போன சில நாட்களுக்குள் சுட்டுக் கொல்லப்பட்டார். கம்பெனி வேலை என்று நம்பிப் போனவரை ஒட்டகம் மேய்க்க விட்டார்கள் என்று குடும்பத்தார் கதறினார்கள். ஊரே திரண்டு நின்று சடலத்தை வாங்கியது. இது எல்லோருக்கும் நடப்பது அல்ல. ஆனால் நடக்க முடிந்தது ஏன்? பாலைவனத்தில், வேலிக்குள், சாட்சியில்லாத இடத்தில் ஒருவனுடைய வீடும் சோறும் காகிதமும் இன்னொருவன் கையில் இருந்தது. அதனால்!

சட்டம் வாசலோடு நிற்கிறது

"அந்த நாடுகளில் சட்டம் கிடையாதா?" என்று கேட்கலாம். உண்டு. ஆனால் சட்டம் தோட்டத்து வாசலோடு நின்றுவிடுகிறது.

கத்தாரில் 2004-ம் ஆண்டு தொழிலாளர் சட்டம் வந்தது. அதன் 3-வது ஷரத்து யாரை விலக்குகிறது? டிரைவர், ஆயா, சமையற்காரர், தோட்டக்காரர்! சவூதியில் 2021 மார்ச் 14 முதல் ஒரு சீர்திருத்தம் அமலாயிற்று. தொழிலாளி நிபந்தனைகளை நிறைவேற்றினால் முதலாளியின் சம்மதம் இல்லாமல் வேறு வேலைக்கு மாறலாம், நாட்டைவிட்டு வெளியே போய் வரலாம் என்றார்கள். நல்லது! ஆனால் ஐந்து தொழில்களுக்கு மட்டும் அது கிடையாது என்றார்கள். எந்த ஐந்து? வீட்டு டிரைவர், வீட்டுக் காவலாளி, வீட்டு வேலையாள், மேய்ப்பன், தோட்டக்காரன் அல்லது பண்ணை உழவன்.

பார்த்தீர்களா தோழர்களே? கம்பெனியில் ஆயிரம் பேருடன் வேலை செய்கிறவனுக்கு ஓரளவு உரிமை. முதலாளியின் இடத்திலேயே தங்கி வேலை செய்கிறவனுக்கு, ஆம், அதே "தங்க இடம் இனாம்" ஆளுக்குத்தான் உரிமை இல்லை! "அவன் எங்கள் வீட்டுப் பிள்ளை மாதிரி, அவனுக்கு எதற்குச் சட்டம்?" என்கிறார்கள். இதையே அன்று நம் மிராசுதாரும் சொன்னார்: "பண்ணையாள் எங்கள் குடும்பத்து ஆள், நடுவில் சங்கம் எதற்கு?"

போராட்டத்தாலும் உலகத்தின் கண்டனத்தாலும் சில மாற்றங்கள் வந்திருக்கின்றன. அதை மறைப்பது நேர்மையாகாது. குவைத் 2015-ல் வீட்டு வேலையாட்களுக்கென்று தனிச் சட்டம் செய்தது. நாளொன்றுக்கு 12 மணிக்கு மேல் வேலை கூடாது, வாரம் ஒரு நாள் ஓய்வு, பாஸ்போர்ட்டை முதலாளி பிடித்து வைக்கக்கூடாது என்று அதில் இருக்கிறது. கத்தார் 2017-ல் செய்த சட்டத்தில் 10 மணி நேரம், வார ஓய்வு என்று இருக்கிறது. தோட்டக்காரரும் அதில் சேர்க்கப்பட்டார். 2021 மார்ச் முதல் அங்கே குறைந்தபட்சச் சம்பளம் 1,000 ரியால் என்று விதித்தார்கள்.

ஆனால் 12 மணி நேரம் என்பதை யார் எண்ணுவது? இரவில் பம்பு நின்றுவிட்டால் எழுப்பப்படுகிறவன் படுத்திருப்பதும் அதே தோட்டத்தில்தானே! வார ஓய்வு என்றால், பாலைவனத்தின் நடுவில், வண்டியில்லாதவன் எங்கே போய் ஓய்வெடுப்பது? வேலை செய்யும் இடமும் படுக்கும் இடமும் ஒன்றாக இருக்கும்வரை வேலை நேரத்துக்கு முடிவே இல்லை. முதலாளியைவிட்டு வெளியேறினால் "ஓடிப்போனவன்" என்று புகார் எழுதிவிடுகிறார்கள். புகார் எழுதிய கணமே அவன் குற்றவாளி. சம்பளம் தராதவன் குற்றவாளி அல்ல; சம்பளம் கேட்டு வெளியேறியவன் குற்றவாளி!

மில் தொழிலாளித் தோழர்களுக்கு இது புதிதா?

கோவை, திருப்பூர், திண்டுக்கல் பகுதி நூற்பாலைகளில் நடந்த சுமங்கலித் திட்டத்தை நினைத்துப் பாருங்கள். மூன்று வருஷம் மில்லுக்குள்ளேயே ஹாஸ்டலில் தங்கு, முடிவில் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்று ஏழைப் பெண்களை அழைத்து வந்தார்கள். ஹாஸ்டல் இனாம், சாப்பாடு இனாம்! ஷிப்டு முடிந்தும் வெளியே போக முடியாது. ஆள் குறைந்தால் இரவிலும் எழுப்பி மிஷினில் நிறுத்தலாம். சங்கத்துத் தோழர் கேட் வாசலில் நின்றாலும் அந்தப் பெண்ணைப் பார்க்க முடியாது. மூன்று வருஷம் முடியுமுன் உடம்பு கெட்டு வெளியே வந்தவளுக்கு மொத்தப் பணம் கிடையாது.

கேட்டுக்குள் தங்கும் தொழிலாளி இருக்கும் மில்லில், கேட்டுக்கு வெளியே குடியிருக்கும் தொழிலாளியின் கூலியும் இறங்கும். இதை மில் தொழிலாளிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆகவே மஸ்ராவின் கதை விவசாயத் தொழிலாளியின் தனிக் கதை அல்ல. பண்ணைக் குடிசை, தோட்டத்து லயம், மில் ஹாஸ்டல், பாலைவன மஸ்ரா, இந்த நான்குக்கும் பூட்டு ஒன்றுதான்.

கடன் என்னும் சங்கிலி

பூட்டு அங்கே இருந்தால், அதில் மாட்டும் சங்கிலி இங்கேயே வார்க்கப்படுகிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஏஜண்டுக்குக் கொடுக்க ஒரு லட்சம் ரூபாய் கடன் வாங்குகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் நூற்றுக்கு மூன்று வட்டி. மாதம் 3,000 ரூபாய் வட்டிக்கே போகும். 2016-ல் குவைத் அரசாங்கம் வீட்டு வேலையாளுக்கு விதித்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 60 தினார். இது சுமார் 17,000 ரூபாய். இரண்டு வருஷத்தில் வட்டி மட்டும் 72,000 ரூபாய். ஒரு லட்சம் முதல் அப்படியே நிற்கிறது! நடுவில் இரண்டு மாதம் சம்பளம் நின்றால், வட்டிக்காரன் நிற்பானா? இங்கே வாசலில் வட்டிக்காரன் நிற்கிறான் என்பதால் அங்கே அவன் முதலாளியை எதிர்த்துப் பேசமாட்டான். ஊரில் இருக்கும் கடன்தான் பாலைவனத்தில் அவனைக் கட்டி வைத்திருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது? மத்திய சர்க்காரிடம் லைசென்ஸ் பெற்ற ஏஜண்ட் வாங்கக்கூடிய கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், அதன்மேல் ஜி.எஸ்.டி. வரி. அதற்கு ரசீது கொடுக்க வேண்டும். ஆனால் டீக்கடையில் பேசுகிறவனுக்கு லைசென்ஸும் இல்லை, ரசீதும் இல்லை. அவனுக்கு மேலே ஒருவன், அவனுக்கு மேலே ஒருவன். அன்று தலைக்காசு வாங்கிய கங்காணியின் பேரன் இன்று சட்டையை மாற்றிக்கொண்டு வந்திருக்கிறான்!

"போனவன் மாடி வீடு கட்டினானே!"

"இவ்வளவு பேசுகிறீர்களே, வெளிநாடு போனவன் மாடி வீடு கட்டியிருக்கிறான், தங்கையைக் கட்டிக் கொடுத்திருக்கிறான். உள்ளூரில் கிடந்து என்ன சாதிப்பது?" என்று கேட்கிற இளைஞன் தவறானவன் அல்ல. அவன் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்.

அவன் ஏன் போகிறான்? 2012 முதல் 2019 வரை எட்டு வருஷம், ஒரு வருஷம்கூட மேட்டூர் அணை குறித்த நாளான ஜூன் 12-ல் திறக்கப்படவில்லை. குறுவை போயிற்று. குறுவை போனால் நடவுக் கூலி போயிற்று. அறுவடைக்கு மிஷின் வந்தது. ஒரு தெருவே அறுத்த வயலை அது ஒரு பொழுதில் அறுத்துப் போட்டது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வந்து வேதாரண்யத்திலும் பட்டுக்கோட்டையிலும் பேராவூரணியிலும் தென்னந்தோப்புகளை வேரோடு சாய்த்தது. தென்னையேறிப் பிழைத்தவனுக்கு ஏறுவதற்கு மரம் இல்லை. பிறகு அவன் பேரீச்ச மரத்தைத் தேடிப் போவதில் என்ன அதிசயம்?

ஆகவே "போகாதே" என்று நாம் சொல்லவில்லை. பசித்தவனைப் பார்த்துப் போகாதே என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. கட்டிய மாடி வீடுகளும் பொய் அல்ல. அவை வியர்வையில் எழும்பியவை. ஆனால் நிமிர்ந்து நிற்கும் மாடி வீட்டை எல்லோரும் பார்க்கிறார்கள். வட்டியில் போன குடிமனை கண்ணுக்குத் தெரிவதில்லை. 1971-ல் நாம் போராடி வாங்கிய மனைப் பட்டாவை அடமானம் வைத்து, கடல் கடந்த பண்ணையாளாகப் போகிறவனைத் தடுத்து நிறுத்தி, "நில் தம்பி, பார்த்துப் போ" என்று சொல்ல வேண்டியது நமது கடமை.

அரபு மக்களும் நமக்குப் பகைவர்கள் அல்ல. ஆளைக் காகிதத்தோடு கட்டி வைக்கும் முறைதான் பகை. அந்த முறைக்கு அங்கே ஒரு கை, இங்கே ஒரு கை. இங்கிருக்கும் கையை நாம் பிடிக்க முடியும்.

என்ன செய்வது?

போகிறவன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. விசாக் காகிதத்தில் என்ன தொழில் எழுதியிருக்கிறது என்பதை, அரபு படிக்கத் தெரிந்த ஒருவரிடம், புறப்படுமுன் படிக்கச் சொல்லிக் கேள். நமது ஊர்களில் மதரசாவில் அரபு ஓதிய பெரியவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், கேட்டால் மறுக்கமாட்டார்கள். ஏஜண்டின் லைசென்ஸ் நம்பரை எழுதி வாங்கு. சுற்றுலா விசாவில் வேலைக்குப் போகாதே. பத்தாம் வகுப்புத் தேறாதவருக்குக் குடியகல்வு அனுமதி வேண்டும் என்று விதி இருப்பது தொல்லை கொடுப்பதற்காக அல்ல. ஒப்பந்தத்தை ஓர் அதிகாரி பார்க்க வேண்டும் என்பதற்காக. பிரவாசி பாரதீய பீமா யோஜனா என்ற இன்ஷ்யூரன்ஸ் இருக்கிறது. இரண்டு வருஷத்துக்கு 275 ரூபாய் கட்டினால், விபத்தில் உயிர் போனாலோ ஊனமுற்றாலோ 10 லட்சம் ரூபாய். ஒப்பந்தத்தின் நகல் ஒன்று தாயிடமோ மனைவியிடமோ இருக்கட்டும். இன்னொன்று சங்கத்தில் இருக்கட்டும்.

பாஸ்போர்ட்டைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். 1967-ம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டப்படி அது இந்திய சர்க்காரின் சொத்து. நம் நாட்டுச் சொத்தை ஓர் அந்நிய முதலாளி பீரோவில் வைத்துப் பூட்டுகிறான். அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கும் சர்க்கார் எதற்கு?

ஆகவே சர்க்காரைக் கேட்க வேண்டியதைக் கேட்போம். வளைகுடா நாடுகளுடன் தொழிலாளர் உடன்படிக்கை செய்யும்போது, தோட்டக்காரனையும் மேய்ப்பனையும் பண்ணை உழவனையும் பெயர் சொல்லிச் சேர்க்க வேண்டும். சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 2011-ல் வீட்டு வேலைத் தொழிலாளருக்கென்று 189-வது உடன்பாட்டைச் செய்தது. அதன் 9-வது ஷரத்து மூன்று விஷயம் சொல்கிறது: முதலாளி வீட்டில் தங்குவதா வேண்டாமா என்பதைப் பேசி முடிவு செய்யத் தொழிலாளிக்குச் சுதந்திரம் உண்டு, ஓய்வு நேரத்தில் அங்கேயே அடைந்து கிடக்க வேண்டியதில்லை, பாஸ்போர்ட்டைத் தொழிலாளியே வைத்துக்கொள்ளலாம். நாம் இத்தனை நேரம் பேசிய பூட்டுக்குச் சாவி இதுதான்! இந்த உடன்பாட்டை வளைகுடா நாடுகள் ஏற்கவில்லை. இந்தியாவும் ஏற்கவில்லை. சொந்த நாட்டு வீட்டு வேலையாளுக்கே இந்த உரிமையைத் தராத சர்க்கார், அந்நிய நாட்டில் போய் எந்த முகத்தோடு கேட்கும்? முதலில் கையெழுத்துப் போடு என்று கேட்க வேண்டும்.

மாநில அரசாங்கத்துக்கு 1978 முதல் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் சொந்த நிறுவனம் இருக்கிறது. அது சென்னையில் இருந்தால் போதாது. திருவாரூரிலும் நாகையிலும் பட்டுக்கோட்டையிலும் வாசல் திறக்க வேண்டும். அரசாங்கத்து வாசல் மூடியிருப்பதால்தான் டீக்கடை வாசல் திறந்திருக்கிறது.

சங்கம் செய்ய வேண்டியதும் உண்டு. ஒவ்வொரு கிளையிலும் ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். யார் போனார், எந்த ஏஜண்ட், எந்த நாடு, என்ன தொழில், கடைசியாக எப்போது பேசினார் என்று எழுதுங்கள். ஒரு மாதம் பேச்சில்லாவிட்டால் கலெக்டர் ஆபீசுக்கு ஊர்வலமாகப் போங்கள். வேலிக்குள் தனியாக இருக்கிறவனுக்குப் பின்னால் ஓர் ஊர் இருக்கிறது என்று தெரியட்டும். அவனுக்கு அங்கே சங்கம் வைக்க முடியாவிட்டால், அவனுக்காக இங்கே சங்கம் இருக்கட்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, போக வேண்டிய நிர்ப்பந்தத்தை ஒழிக்கும் போராட்டம் இந்த மண்ணில்தான் நடக்க வேண்டும். காலத்தில் தண்ணீர், கட்டுப்படியாகும் கூலி, வருஷம் முழுவதும் வேலை, நிலமற்றவனுக்கு நிலம். இவை கிடைத்தால் வெளிநாடு போகிறவன் தன் விருப்பத்தால் போவான். பேரம் பேசிப் போவான். பிடிக்காவிட்டால் அடுத்த விமானத்தில் திரும்புவான்.

தஞ்சையின் பண்ணையாள் ஒரு காலத்தில் தன் குடிசை மண்ணுக்கு உயிர் கொடுத்தான். அந்தப் பாடத்தை அவன் பேரன் மறக்கலாகாது. அடுத்த முறை ஏஜண்ட் டீக்கடையில் உட்கார்ந்து "தங்க இடம் இனாம்" என்று ஆரம்பிக்கும்போது, சம்பளத்தைக் கேட்பதற்கு முன்னால் இதைக் கேளுங்கள்:

"சரி ஐயா, அந்த வாசலுக்குச் சாவி யார் கையில்?"